பதிவேட்டில் மூன்று ரஜினி: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, நேற்று இரவு புரோகிராம் முடித்து நேராக இங்கே வந்து பின்வரிசையில் கண் அசந்துகொண்டிருக்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்.

சினிமா நட்சத்திரங்களின் வேடமிட்டு மேடையேறிப் பிழைக்கும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையை, 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான காலத்துக்கு, பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். போன வருட அறிக்கை நீளம் என்று குறைப்பட்டீர்கள். இந்த வருடமும் நீளம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரங்கல். நாகேஷ் வேடமிடும் நம் அண்ணன் ஆடி மாதம் காலமானார். நூல் அறுந்த பொம்மை மாதிரி மேடையில் அப்படியே மடிந்து விழுந்து, விழுந்த வேகத்திலேயே எழுந்து ஆடுவாரே, அந்த உடம்பு கடைசி ஆறு மாதம் கட்டிலைவிட்டு எழவில்லை. மைக் போய்விட்டால், ஜெனரேட்டர் நின்றுவிட்டால், பாடகி வண்டி வந்து சேராவிட்டால், ஏஜெண்ட் முதலில் தேடுவது அவரைத்தான். பாட்டும் இல்லாமல் விளக்கும் இல்லாமல் இருபது நிமிடம் கூட்டத்தை உட்கார வைக்கக்கூடிய ஆள் இப்போது நம்மிடம் வேறு யாரும் இல்லை.

அவர் வீட்டுக்குப் போன கதையைச் சொல்லியே ஆகவேண்டும். மாலையோடு தெருமுனையில் இறங்கி, எதிரே வந்தவரிடம் வழி கேட்க வாயைத் திறந்தேன். கேட்கப் பெயர் இல்லை. பத்தொன்பது வருடப் பழக்கம். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. "நாகேஷ் வீடு" என்றதும் சைக்கிளில் போன ஒரு பையன் கூட்டிக்கொண்டு போய் விட்டான். சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் பார்த்துத்தான் அவர் பெயரைத் தெரிந்துகொண்டேன். நாம் கொண்டுபோன மாலையின் ரிப்பனில் பெரிய எழுத்தில் 'நாகேஷ்' என்று இருந்தது. அவர் மகள் அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ரிப்பனை மட்டும் எழுத்து வெளியே தெரியாதபடி திருப்பி வைத்தாள்.

அதோடு முடியவில்லை. சங்கத்தின் குடும்ப நிதி ரூ.10,000 அந்த வீட்டுக்குப் போய்ச் சேர நான்கு மாதம் ஆனது. இறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், நம் பதிவேட்டில் 'நாகேஷ்', வாரிசு என்ற இடத்தில் 'மனைவி' என்று ஒரே வார்த்தை. இருவரும் ஒரே ஆள் என்பதற்கு மூன்று உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்கினோம்; அதில் இரண்டு பேர் 'ரஜினி' என்றும் 'செந்தில்' என்றும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். திரும்ப வாங்கினோம். பதிவேட்டை எழுதியவன் நான். தாமதத்துக்கு முழுப் பொறுப்பும் என்னுடையது.

அப்புறம்தான் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன். மொத்தம் 46 பேர். நான்கு எம்.ஜி.ஆர்., இரண்டு சிவாஜி, மூன்று ரஜினி, ஐந்து விஜய் என்று அது பாட்டுக்குப் போகிறது. ஏழு பேருக்குத்தான் சொந்தப் பெயர் முழுதாக இருக்கிறது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி பதிவான சங்கம் இது; உறுப்பினரின் பெயர், முகவரி, தொழில் எழுதிய பதிவேடு இருக்கவேண்டும். நம்முடையதைக் கொண்டுபோய்க் காட்டினால் சினிமா டைரக்டரி என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி ஆண்டின் தொழில் நிலவரம். ஏப்ரல் 19 மக்களவைத் தேர்தல். பங்குனித் திருவிழாக்களும் பிரச்சாரமும் ஒன்றாக வந்ததால் எம்.ஜி.ஆர்.களுக்கு மூச்சுவிட நேரமில்லை. மறைந்து 37 வருடம் ஆகியும் ஓட்டுக் கேட்க அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். நம் மூத்த எம்.ஜி.ஆருக்கு 67 வயது. சினிமா எம்.ஜி.ஆராக நிற்க அந்த வயது இடம் தராது. ஆனால் வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டால் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தயார். அந்தத் தொப்பி நம் தொழிலுக்குக் கிடைத்த வரம். சித்திரை வெயிலில் திறந்த ஜீப்பில் நிற்கும்போது மட்டும் சாபம். உள்ளே கைக்குட்டையை நான்காக மடித்து வைத்து, அதன்மேல் பவுடரைக் கொட்டி மாட்டிக்கொள்கிறார். ஒரு தெரு முடிவதற்குள் வியர்வை பவுடரையும் மேக்கப்பையும் சேர்த்துக் கழுத்துக்கு இறக்கிவிடும். அவர் நிற்காமல் கும்பிடுவார். மகன் பின்னால் குனிந்து உட்கார்ந்து கழுத்தைத் துடைத்துக்கொண்டே வருவான்.

குரலைப் பற்றியும் இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.ஜி.ஆருக்கு இரண்டு குரல். 1967 ஜனவரி 12-ஆம் தேதி கழுத்தில் குண்டு பாய்ந்ததற்கு முந்தைய குரல் ஒன்று, அதற்குப் பிந்தையது ஒன்று. தொப்பி போட்ட எம்.ஜி.ஆர். பழைய படத்துக் குரலில் கணீரென்று பேசினால், எழுபது வயதுக்காரர்கள் அந்த இடத்திலேயே சிரித்துவிடுகிறார்கள். இந்த வருடம் ஒரு தம்பிக்கு அது நடந்தது. மூத்தவரிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். அவர் காசு கேட்கமாட்டார், திட்டுவார்.

தேர்தல் சம்பளத்தில் வழக்கமான சிக்கல். நம்மை அழைத்து வந்த செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறும். மக்களவைத் தொகுதிக்கு உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். அதனால் நமக்கு ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது, வாய்வார்த்தைதான். ஜூன் 4-ஆம் தேதி முடிவு வந்தது. தோற்றவர் போனை எடுக்கவில்லை. ஜெயித்தவர் டெல்லி போய்விட்டார். நம் ஆட்கள் இரண்டு பேருக்கு இன்றுவரை பாக்கி நிற்கிறது. இதே தேர்தலில் காலையில் ஒரு கட்சிக்கும் மாலையில் எதிர்க்கட்சிக்கும் கைகூப்பிய எம்.ஜி.ஆரைப் பற்றி வந்த புகாரையும் செயற்குழு விசாரித்தது. "எம்.ஜி.ஆர். எல்லாருக்கும் பொது" என்பது அவர் வாதம். செயற்குழு ஏற்கவில்லை. ஒரு தேர்தலுக்கு ஒரு கட்சி என்று தீர்மானம் ஆயிற்று.

திருவிழா மேடைகளில் இந்த வருடப் பிரச்சினை பத்து மணி. இரவு 10-லிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலிருந்தே இருப்பதுதான். ஆனால் கமிட்டிக்காரர்கள் எட்டரைக்குத்தான் குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள். வரவேற்புரை, பொன்னாடை, நன்கொடையாளர் பட்டியல் எல்லாம் முடிந்து பாட்டு ஆரம்பிக்க ஒன்பதே கால். கூட்டம் கலையாமல் இருக்க ரஜினியையும் விஜயையும் கடைசிக்கு வைப்பது வழக்கம். போலீஸ் வந்து மைக்கை அணைக்கச் சொல்லும்போது அவர்கள் மேடைக்குப் பின்னால் முழு கெட்டப்பில் நிற்கிறார்கள். "என்ட்ரியே இல்லையே தம்பி" என்று ஏஜெண்ட் பாதிச் சம்பளத்தை நீட்டுகிறார். ஸ்பிரிட் கம் போட்டு ஒட்டிய மீசையைப் பிய்த்தால் தோலோடு வருகிறது. அந்த எரிச்சலில் பாதி குறையுமா? முகத்தில் மேக்கப் ஏறிவிட்டால் முழுச் சம்பளம் என்று மூன்று ஏஜெண்டுகளை ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம். மற்றவர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பொது இடத்தில் புகைபிடிக்க 2008-இலிருந்து தடை இருப்பதால், சிகரெட் வித்தையை ரஜினிகள் மூவரும் சுவிங்கத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்கள். நடு ரஜினி மட்டும் நாலுக்கு ஒன்று தவறவிடுகிறார். பயிற்சி தேவை.

மூத்த ரஜினிக்கு 58 வயது. 2016-இல் 'கபாலி' வந்து, நரைத்த தாடியும் கோட்டும் ரஜினியின் அடையாளமாக ஆனது அவருக்குப் பத்து வருட ஆயுளைக் கூட்டிக் கொடுத்தது. இல்லாவிட்டால் அவர் அப்போதே கடையைக் கட்டியிருப்பார். செப்டம்பர் 30-ஆம் தேதி ரஜினிகாந்த் மருத்துவமனையில் சேர்ந்த செய்தி வந்ததும், நம்மவர் போன் ஓயவில்லை. ஊர் ஊராகப் புரோகிராமில் பார்த்து நம்பர் வாங்கி வைத்திருந்தவர்கள். "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு?" அவரும் முதல் நாள் விளக்கம் சொல்லிப் பார்த்தார். மறுநாளிலிருந்து "பரவாயில்லை, ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்காங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் கண்டிக்கவில்லை.

விஜயகாந்த் வேடமிடும் நம் சகோதரரைப் பற்றி விரிவாகச் சொல்லவேண்டும். 2023 டிசம்பர் 28-ஆம் தேதி விஜயகாந்த் மறைந்த பிறகு மூன்று மாதம் வேடம் போடமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவரைச் சங்கம்தான் வற்புறுத்தி மேடையேற்றியது. முதலாமாண்டு நினைவு நாளில் ஒரே நாளில் நான்கு இடம். மூன்றாவது இடத்துக்கு நானும் உடன் போயிருந்தேன். வேனிலிருந்து இறங்கியதுமே ஒரு அம்மா வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போயிட்டேன்னு சொன்னாங்களேப்பா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கை விடவில்லை. டிராக் போட்டாகிவிட்டது, மேடையில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், விசில் பறக்கிறது. அன்றைக்குச் சுவரில் கால் வைத்துத் திரும்பி உதைக்கும் அந்த உதையை அவர் செய்யவில்லை. வெறுமனே நடுவில் நின்று கும்பிட்டார். வழக்கத்தைவிட அதிகமாக அவர் சட்டையில் பத்து ரூபாய் நோட்டுகள் குத்தப்பட்டது அன்றைக்குத்தான். வேனில் திரும்பும்போது ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தார். பேசவில்லை.

மறைந்த நடிகரின் வேடத்தில் ஒரு வசதி உண்டு என்பது என் கருத்து. அவருக்குப் படம் ஓடாமல் போவதில்லை. புதிதாகக் கட்சியும் ஆரம்பிப்பதில்லை. நம் ஐந்து விஜய்களைக் கேளுங்கள். 2024 பிப்ரவரியில் விஜய் கட்சி அறிவித்தார், அக்டோபர் 27-இல் விக்கிரவாண்டியில் மாநாடு நடந்தது. அதன் பிறகு, கட்சிப் பாட்டு கூடாது, கட்சி அடையாளம் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வாங்கும் கமிட்டிகள், விஜய் என்றாலே யோசிக்கிறார்கள். வெறும் டான்ஸ்தான் என்று எழுதிக் கொடுத்தும் இரண்டு இடத்தில் கடைசி நேரத்தில் வேண்டாம் என்றுவிட்டார்கள். இன்னொரு பக்கம் கட்சி ஆர்வலர்கள் இலவசமாக வரச்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். "தலைவருக்காக வரமாட்டியா?" வரலாம், வேன் வாடகை யார் தருவது?

கம்ப்யூட்டர் விஷயம். செப்டம்பர் 5-இல் வந்த விஜய்யின் 'கோட்' படத்தில் விஜயகாந்தை செயற்கை நுண்ணறிவால் திரையில் கொண்டுவந்தார்கள். தியேட்டரில் நம் விஜயகாந்த் சகோதரரும் பார்த்தார். "என்னைவிட நல்லா இருக்கான்" என்றார். மேடைக்கு அது உடனே வராது. ஆனால் நட்சத்திரக் குரலில் பிறந்தநாள் வாழ்த்து, கல்யாண அழைப்பு என்று வீடியோ பேசிக் கொடுக்கும் சில்லறை வேலை ஏறக்குறைய நின்றுவிட்டது. போனிலேயே செய்துகொள்கிறார்கள்.

ரஜினிகாந்தின் பெயர், பாணியைப் பயன்படுத்திய ஒரு இந்திப் படத்துக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2015-இல் தடை விதித்ததையும், 2023 ஜனவரியில் அவர் தரப்பில் வக்கீல் அறிவிப்பு வந்ததையும் சொல்லி, நம் தொழிலே சட்டவிரோதமா என்று சில உறுப்பினர்கள் பயந்து கேட்டார்கள். வக்கீலிடம் யோசனை கேட்டோம். மேடையில் வேடம் போடுவது வேறு, அந்த முகத்தை வைத்துப் பொருள் விற்பது வேறு என்றார். நோட்டீஸில் நிஜ நடிகரின் படத்தைப் போட்டு அவரே வருவதுபோல் ஆள் சேர்க்காதீர்கள், கடை விளம்பரத்துக்குப் போகாதீர்கள். ஒரு கடையிலிருந்து வந்த விளம்பர வாய்ப்பை இதனால் இளைய ரஜினி விட்டுக்கொடுத்தார். அவருக்கு நஷ்டம்தான். சங்கம் அவருக்கு ஒரு பொன்னாடை போர்த்தியது. அது ஈடாகாது என்று தெரியும்.

பெண் உறுப்பினர்கள் ஆறு பேர். இரவு புரோகிராம் முடிந்து பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடாமல் வீட்டு வாசலில் இறக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயம். ஏஜெண்டுகளுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். பாதிப் பேர் கேட்கிறார்கள்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளர் கையொப்பத்தோடு உங்கள் கையில் இருக்கிறது. ஆண்டுச் சந்தா ரூ.300; ஒன்பது பேர் பாக்கி. பெயரைப் படிக்கவில்லை. அவர்கள் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பதிலிருந்தே தெரிகிறது.

கடைசியாகத் தீர்மானம். இனி எந்த நோட்டீஸிலும் ஃபிளெக்ஸிலும் வேடப் பெயருக்குக் கீழே கலைஞரின் சொந்தப் பெயரும் இருக்கவேண்டும். சின்ன எழுத்தாக இருந்தாலும் சரி. "பார்ட்டி காசு கொடுப்பது எம்.ஜி.ஆருக்குத்தான், எனக்கில்லை" என்று மூத்தவர் செயற்குழுவில் எதிர்த்தார். வாக்கெடுப்பில் தோற்றார். ஆனால் பதிவேட்டைச் சரிசெய்ய எல்லாரிடமும் கேட்டிருக்கும் உறுப்பினர் படிவத்தை முதலில் நிரப்பிக் கொடுத்தவரும் அவர்தான். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி எல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் சரியாக இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் 'எம்.ஜி.ஆர்.' என்று எழுதியிருக்கிறார். திருத்தச் சொல்லலாமா என்று யோசித்தேன். அப்படியே பதிவேட்டில் ஏற்றிவிட்டேன்.

மற்றவர்களும் இந்த மாத இறுதிக்குள் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆதார் நகல் ஒன்று, கெட்டப்பில் போட்டோ ஒன்று, கெட்டப் இல்லாமல் ஒன்று. இரண்டாவது போட்டோ கைவசம் இல்லை என்று இதுவரை பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் வெளிச்சத்தில் நில்லுங்கள். பொருளாளர் தம் போனிலேயே எடுத்துக்கொள்வார். விக்கைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்