மெயினை மட்டும் அணைத்துவிடாதே

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது.

55 இஞ்ச் டிவியில் ஓஎல்இடி வாங்கவா, மினி எல்இடி வாங்கவா என்று கேட்டிருந்தாய். இரண்டு மாதம் கழித்து வந்த ஒரே வரி, ராத்திரி 2.40-க்கு. எத்தனை பேர் உட்கார்ந்து பார்ப்பீர்கள் என்று கேட்டதற்கு "ஒரு ஆள்தான்" என்றாய். டிவிக்காகத்தான் கேட்டேன். மினி எல்இடி வாங்கினால் அதன் பானல், அதாவது திரைப் பலகை, விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகையில் வரும். பக்கவாட்டில் உட்காருகிறவர்களுக்கு விஏ பானல் வெளுத்துத் தெரியும், அவர்களுக்கு ஐபிஎஸ் வேண்டும். ஆனால் விளக்கை அணைத்தால் ஐபிஎஸ்ஸில் கருப்பு சாம்பலாகிவிடும். நேர் எதிரே ஒரு ஆள் என்றால் விஏ போதும். உன் பதிலை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

ராத்திரி இருட்டில் படம் பார்க்கத்தான் என்றால் ஓஎல்இடி வாங்கு. ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும், கருப்பு வரும் இடத்தில் அணைந்தே போகும். சினிமாஸ்கோப் படத்தில் மேலும் கீழுமாகத் திரையில் கால்வாசி கருப்புப் பட்டை, அதனால் இது முக்கியம். மினி எல்இடியில் பின்விளக்குகள் பகுதி பகுதியாகத்தான் அணையும். இருட்டுக் காட்சியில் வெள்ளை சப்டைட்டிலைச் சுற்றிப் புகை மாதிரி வெளிச்சம் கசியும். ஜன்னல் திறந்த ஹாலுக்கும், நாள் முழுக்க நியூஸ் ஓடும் வீட்டுக்கும் மினி எல்இடிதான் சரி. ஓஎல்இடியில் சேனல் லோகோ நாளடைவில் தழும்பாகப் பதிந்துவிடக்கூடும். கியூஎல்இடி என்று விற்பார்கள், அதுவும் பின்விளக்கு வைத்த எல்சிடிதான். ஏமாறாதே. நீ ஏமாறமாட்டாய், பத்து வயதில் மல்டிமீட்டர் பிடித்தவள்.

பெட்டியில் மோஷன் ரேட் 240 என்று போட்டிருந்தால் அது பானல் கணக்கு இல்லை. பானல் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை தடவை படத்தைப் புதுப்பிக்கும் என்று கேள். 120 என்றால் வாங்கு. சினிமா நொடிக்கு 24 பிரேம். 60-ல் அது சரியாக வகுபடாது. அதனால் ஒரு பிரேம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று காட்டும். கேமரா மெல்லத் திரும்பும்போது தூணெல்லாம் தடுக்கித் தடுக்கி நகருமே, அது இதனால்தான். 120-ல் ஒவ்வொன்றும் ஐந்து தடவை, சமமாக வரும். ஸ்ட்ரீமிங் பாக்ஸ் வைத்திருந்தால் அதில் 'மேட்ச் பிரேம் ரேட்' ஆன் செய். இல்லாவிட்டால் பாக்ஸே 60 ஆக்கி அனுப்பி, அதே தடுக்கலைக் கொண்டுவரும்.

முதல் நாளே டிவி செட்டிங்கில் பிலிம்மேக்கர் மோட் வை, அது மோஷன் ஸ்மூத்திங்கை நிறுத்திவிடும். மோஷன் ஸ்மூத்திங் ஓடினால் இல்லாத பிரேமை டிவியே உண்டாக்கி நடுவில் சொருகும், படம் சீரியல் மாதிரி வழுக்கும். ஓஎல்இடி பிக்சல் சட்டென்று மாறுவதால் படம் கொஞ்சம் துள்ளும். கண்ணை உறுத்தினால், துள்ளலைக் குறைக்கும் டீ-ஜடர் செட்டிங்கை 2 வரை வை, மேலே போகாதே. ஏழடி தள்ளி உட்கார். சாப்பிட்டுவிட்டு உட்கார்.

பார்த்து முடித்ததும் ரிமோட்டில் அணை, சுவரில் மெயினை அணைக்காதே. மொத்தம் நாலு மணி நேரம் போல ஓடியதும், ஓஎல்இடி ஸ்டாண்ட்பையில் தன் பிக்சல்களை அளந்து சரிசெய்துகொள்ளும். சில நிமிட வேலைதான். தினமும் கரண்ட்டை வெட்டினால் அது நடக்காது, தழும்பு சீக்கிரம் விழும். மெயினை அணைக்காதே.

அணை அணை என்று சொல்லியே உன்னை வளர்த்தவன் நான். பத்து மணி ஆனால், படம் பாதியில் இருந்தாலும், நானே போய் அணைப்பேன். நீ அழமாட்டாய், எழுந்தும் போகமாட்டாய், அந்தக் கருப்புத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாய். இன்னும் அரை மணி நேரம் என்று ஒரு வார்த்தை கேட்க உனக்குப் பயமில்லாமல் நான் வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. தப்பு என்னுடையது, கயல்.

55 இஞ்ச் ஓஎல்இடியை ஒரு ஆளாகத் தூக்காதே. பானல் அவ்வளவு மெல்லிசு, முகப்பில் கை அழுந்தினாலே விரிசல் விடும். அடிப்பக்கம் பிடித்து இரண்டு பேர் தூக்க வேண்டும். டெலிவரி என்றைக்கு என்று மட்டும் எழுது, முந்தின நாள் ராத்திரி பஸ் ஏறிவிடுகிறேன். டிரில் மெஷினையும் ரசமட்டத்தையும் நானே எடுத்து வருகிறேன்.

அப்பா