கப்டன் பேரில் கிடாரம் ஏறியது

திருகோணமலை
31.08.2025

அன்புள்ள மச்சான் நெட்டையனுக்கு,

கப்டன் விஜயகாந்தின் பிறந்தநாளுக்கு நாங்கள் போட்ட சாப்பாட்டைப் பற்றி நீ வாட்ஸ்அப்பில் அனுப்பின குரல்பதிவைக் கேட்டேன். அதற்கு விரலால் தட்டித் தட்டிப் பதில் போட எனக்குப் பொறுமை இல்லை. பேனை பிடித்தால்தான் எனக்குக் கதை வரும், உனக்குத் தெரியுமே. இதை எழுதி முடித்ததும் மகள் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள்.

"காசு அனுப்பினவனுக்கு நாலு கிடாரத்தின் படமும் ரெண்டு கையின் படமும் அனுப்பியிருக்கிறாய், சனம் எங்கேயடா?" என்று கேட்டிருந்தாய். சனம் வந்தது மச்சான், நிறையவே வந்தது. அவர்களின் முகத்தைப் படம் பிடிக்கக் கூடாது என்று பொடியன்கள் முதலிலேயே தீர்மானித்துவிட்டார்கள். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் யார் இந்தப் பொடியன்கள் என்று சொல்ல வேண்டும். பஸ் நிலையத்தடியில் ஓட்டோ ஓடுகிறவர்கள், கூடவே ஹார்ட்வெயார் கடையில் நிற்கும் இரண்டு பேர், மீன் ஏலம் கூறும் ஒருவன். விஜயகாந்தின் படத்தைத் தியேட்டரில் பார்த்த வயது இவர்களில் ஒருத்தனுக்கும் இல்லை. எல்லாம் யூடியூப்பில் பார்த்துப் பழகினது. 2023 டிசம்பர் 28 அன்று அவர் செத்த செய்தி வந்தபோது ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒரு படத்தை வைத்து விளக்குக் கொளுத்தினார்கள். போன வருடம் பிறந்தநாளுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள். இந்த வருடம் ஆசை கூடிவிட்டது. பிறந்தநாள் 25ஆம் தேதி திங்களில் வந்ததால், தொழிலைக் கெடுக்காமல் முதல்நாள் ஞாயிற்றுக்கிழமையே வைத்தார்கள். காலையில் இரத்ததானம், மத்தியானம் சாப்பாடு.

நாங்கள் படிக்கிற காலத்தில் நீ விஜயகாந்த், நான் கமல். வீடியோ டெக்கும் டீவியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் போட்ட இரவுகளில், எந்தப் படத்தை முதலில் போடுவது என்பதற்கே நமக்குள் எத்தனை சண்டை! சுவரில் ஒரு காலை ஊன்றி மறு காலால் சுழன்று அடிக்கிற அந்த அடியை நீ பள்ளிக்கூட மதிலில் பழகப் போய், கணுக்கால் வீங்கிக் கிடந்தது நினைவிருக்கிறதா? அப்படிப்பட்ட எதிர்க்கட்சிக்காரன் நான், போன ஞாயிறு உன் தலைவனின் பேரில் விடியக்காலை எழும்பி வெங்காயம் உரித்தேன். பொடியன்களுக்கு ஒன்று மட்டும் ஞாபகப்படுத்தினேன்: ரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றிக் காட்டினவர் எங்கள் ஆள். நீங்கள் இப்போது போகிற பாதை அவர் வெட்டினது. அவர்கள் சிரித்துக்கொண்டே, "சரி அண்ணை, அப்ப அடுத்த மூட்டை வெங்காயத்தையும் நீங்களே பாருங்கோ" என்று தள்ளிவிட்டார்கள்.

உன் ஆளைப் பற்றி அவர்கள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். 1991இல் வந்த 100ஆவது படத்தோடு கப்டன் ஆனது, நடிகர் சங்கத் தலைவராக இருந்து 2002இல் நட்சத்திரங்களை மலேசியாவுக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோய்ச் சங்கத்தின் கடனை அடைத்தது, எல்லாம் விரல் நுனியில். ஆனால் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது சாப்பாட்டுக் கதையைத்தான். படப்பிடிப்பில் கதாநாயகனுக்கு ஒன்று, லைட் தூக்குகிறவனுக்கு ஒன்று என்று இல்லாமல் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று ஆக்கினது. சென்னை ராஜாபாதர் தெருவில் இருந்த அவருடைய அலுவலகத்தில் யார் போனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வரலாம் என்பது. அவரைக் கருப்பு எம்.ஜி.ஆர். என்று சொன்னதும் சும்மா இல்லை. 1917இல் நமது நாவலப்பிட்டியில் பிறந்தவர்தானே அந்த முதல் எம்.ஜி.ஆர். 1982இல் அவர் தமிழ்நாட்டில் பெரிதாக்கினதும் பிள்ளைகளின் சத்துணவைத்தான். உன் ஆளின் அரசியலைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, அதை நேரில் சண்டை பிடிப்போம். சாப்பாட்டில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

சமையலுக்கு வருகிறேன். என்ன சமைப்பது என்பதில் இரண்டு இரவு இழுபறி. சிலர் கோயில் அன்னதானம் மாதிரி சோறும் பருப்பும் சாம்பாறும் போதும் என்றார்கள். மீன் ஏலக்காரன் ஒரே பிடி: கப்டன் பிறந்தநாளுக்கு மரக்கறிச் சோறு போட்டால் அவர் கனவில் வந்து உதைப்பார், கோழிப் புரியாணிதான். அப்போது இன்னொருவன் கேட்டான், முஸ்லிம் ஆட்கள் சாப்பிட வேண்டாமா என்று. திருகோணமலையில் பஸ் நிலையத்தடியில் கிடாரம் வைத்துவிட்டு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியுமா? கோழி ஹலாலாக இருக்க வேண்டுமே, கிண்ணியாவிலிருந்து ஒரு முஸ்லிம் பெரியவரை, வாப்பாவை, கூட்டிவந்தார்கள். கோழியும் அவர் பொறுப்பு, சமையலும் அவர் பொறுப்பு. மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்குத் தனி அடுப்பில் தனிக் கிடாரம், தனி அகப்பை. அரிசியைத் தம்பலகாமத்து விவசாயி ஒருவர் மூட்டையாகவே இறக்கிவிட்டுப் போனார். பேர் போட வேண்டாம் என்றார், நானும் போடவில்லை.

ஆகஸ்ட் மாதக் கச்சான் காற்று உனக்கு மறந்திருக்காது. அடுப்பு மூட்டினால் நெருப்பு படுத்துவிடும், மண் எழும்பும். மூன்று பக்கமும் தகரம் கட்டி மறைத்தார்கள். வாப்பா ஒருவரோடும் கதைக்கவில்லை. அரிசி முக்கால் பதம் வந்ததும் கோழிக்கு மேல் பரப்பி, மூடியைச் சுற்றிக் கோதுமைமாவைப் பிசைந்து ஒட்டி, மேலே தணலை அள்ளிப் போட்டார். அதற்குப் பிறகு கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்தார். பொடியன் ஒருத்தன் பொறுக்க முடியாமல் மூடியைத் தொடப் போனான். வாப்பா அகப்பைக் காம்பால் கையில் ஒன்று போட்டார். "உங்கட கப்டன் வந்து கேட்டாலும் இப்ப திறக்கேலாது" என்றார். பிறகு அவர் மாவை உடைத்து மூடியைத் தூக்கினபோது வந்த வாசத்துக்குக் கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. நான் மிகைப்படுத்தவில்லை, ஒரு கடைக்காரர் கல்லாவைப் பூட்டிவிட்டே வந்தார்.

இரத்ததானம் இன்னொரு கூத்து. நமது நாட்டில் இரத்தத்துக்குக் காசு கொடுப்பது இல்லை, முழுக்க முழுக்கத் தானமாக வருவதுதான். ஆகவே இப்படி யாராவது ஆள் திரட்டிக் கொடுத்தால் இரத்த வங்கிக்காரருக்குச் சந்தோஷம். கட்டில்களோடு வந்து ஒரு மண்டபத்தில் இறங்கிவிட்டார்கள். மூலகாரணமான பொடியன், அதுதான் ஓட்டோவின் பின்பக்கம் முழுக்கக் கப்டனை வரைந்து வைத்திருக்கிறவன், முதல் ஆளாகப் படுத்துவிட்டான். தாதி சட்டைக் கையை மடித்துப் பார்த்தால், தோளிலே கப்டன் சிரிக்கிறார்! பிறந்தநாளுக்கென்று புதிதாகப் பச்சை குத்தியிருக்கிறான், புண் இன்னும் ஆறவில்லை. பச்சை குத்தி அதிக நாள் ஆகாதவர்களிடம் இரத்தம் எடுக்க மாட்டார்கள், கிருமி பயம். அவனை எழுப்பிவிட்டார்கள். கப்டனுக்காக இரத்தம் கொடுக்க வந்தவனைக் கப்டனே தடுத்துவிட்டார் என்று சொல்லி எல்லோரும் சிரிக்கச் சிரிக்க, அவன் மட்டும் மூலையில் இருந்து முகத்தைத் தொங்கப் போட்டான். அடுத்தவன் ஒல்லிக்குச்சி. 50 கிலோவுக்குக் குறைந்தால் எடுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், காற்சட்டைப் பையில் ஓட்டோவின் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டு தராசில் ஏறினான். சத்தம் கேட்டுத் தாதி பிடித்துவிட்டார். நான் கொடுத்தேன். இனி நாலு மாதத்துக்குக் கேட்க மாட்டார்கள், அது ஒரு நிம்மதி.

சாப்பாட்டைக் கட்டினது வாழையிலையில். உனக்கு ஏன் என்று தெரிந்திருக்கும்: நமது பஸ் நிலையத்தடி மான்கள். சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் தாளை, அந்த லஞ்ச் ஷீட்டை, 2017இலேயே தடை செய்தாயிற்று, இருந்தும் பொலித்தீன் கிடந்துகொண்டேதான் இருக்கிறது, சாப்பாட்டு வாசத்துக்கு மான் அதைத் தின்று செத்துப்போகிறது. அதனால் இலையை நெருப்பில் வாட்டி, உள்ளே புரியாணி, வெளியே கடதாசி. இலை வாட்டுகிற வேலை பெண்களிடம் போனது. என் மனைவி என்னை அந்தப் பக்கம் வரவிடவில்லை, நான் வாட்டினால் கிழியுமாம்.

ஆஸ்பத்திரி வாசலிலும் பார்சல் கொடுத்தோம். அங்கே கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களச் சனம் கொஞ்சம் நின்றது, நோயாளி பார்க்க வந்தவர்கள். கப்டன் யாரென்று அவர்களுக்கு விளங்கவில்லை. "தன்சலா?" என்று ஒருவர் கேட்டார், இலவசச் சாப்பாட்டுப் பந்தலா என்று. ஓம் என்றதும் வரிசையில் வந்து நின்றார்கள். வெசாக்குக்குத் தெருவெல்லாம் தன்சல் போட்டுப் பழகின சனத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பஸ் நிலையத்தடியில் ஓர் ஆச்சி. அவவுக்கும் பச்சை குத்தின பொடியனுக்கும் நடந்த கதையை அப்படியே தருகிறேன்.

"ஆர் தம்பி தாறது?"

"கப்டன்ட பேரில ஆச்சி."

"ஆமிக் கப்டனோ?"

"இல்லையாச்சி, சினிமாக் கப்டன்."

"அந்தக் கண் சிவந்த பொடியனோ? அவன் செத்துப் போனானெல்லே."

"ஓம் ஆச்சி."

"அவன்ட பேரிலயெண்டால் ரெண்டாத் தா."

இதைத்தான் நான் உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்தேன். கொஞ்சக் காலத்துக்கு முன் நமது ஒழுங்கையில் ஒரு நிவாரணம் கொடுத்தார்கள். கொடுத்தவர் யாரென்று எழுதி என்ன பலன், விடு. பெட்டியில் அவருடைய படம், பெட்டியை வாங்குகிறவரின் படம் பேஸ்புக்கில். கணவன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிற ஒரு தங்கச்சி, பெட்டியோடு நின்ற படம் மகளின் வகுப்பு வரைக்கும் போய், அந்தப் பிள்ளை ஒரு கிழமை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அழுதாள். அதற்குப் பிறகு அந்தத் தங்கச்சி எந்த வரிசையிலும் நிற்பதில்லை. பொடியன்களுக்கு இந்தக் கதை தெரியும். முகம் வேண்டாம் என்று அவர்கள் முடிவெடுத்தது இதனால்தான். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பினவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமே என்று ஒருத்தன் கடைசி வரை நின்றான். அவனுக்காகத்தான் கிடாரமும் கையும்.

போன ஞாயிறு அந்தத் தங்கச்சி வந்தாள். வரிசையில் நின்று மூன்று பார்சல் வாங்கினாள். என்னைக் கண்டதும் ஒளியவில்லை, "கப்டன் பிறந்தநாளாம் அண்ணை" என்று சிரித்துவிட்டுப் போனாள். யோசித்துப் பார். நான் கொடுத்திருந்தால் அவள் நாளைக்கும் என்னை ஒழுங்கையில் காண வேண்டும். நீ கொடுத்தாய் என்று சொன்னால் கனடாக்காரன் காசு என்றாகிவிடும். கடவுள் பேரில் என்றால் கோயில் வாசலில் நிற்க வேண்டும், எந்தக் கோயில், யார் உபயம் என்று கதை வரும். கப்டனுக்கோ கொடுத்ததைச் சொல்லிக்காட்ட வாய் இல்லை, இந்த ஊரில் வீடு இல்லை, வாக்குக் கேட்டு வரவும் மாட்டார். பிறந்தநாள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட யாருக்கு வெட்கம்? கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்களை நீயும் நானும் எவ்வளவு கேலி பண்ணியிருப்போம். பால் ஊற்றுவதை நான் இப்போதும் கேலி பண்ணத்தான் செய்வேன். ஆனால் ஒரு நடிகரின் பேருக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறது.

அடுத்தது என்ன என்று பொடியன்கள் இப்போதே பறக்கிறார்கள். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021இல் செத்தபோது அவருடைய கண்களால் நாலு பேருக்குப் பார்வை கிடைத்தது, அதைப் பார்த்து அங்கே சனம் கண்தானத்துக்கு எழுதிக்கொடுத்தது. டிசம்பர் 28 நினைவுநாளுக்கு அதைச் செய்வோமா என்று கேட்கிறார்கள். உலகத்துக்கே கண் அனுப்புகிற நாடு நம்முடையது, கண்தான சங்கம் 1961இலேயே தொடங்கியாயிற்று. ஆகவே படிவத்துக்குப் பஞ்சம் வராது. டிசம்பரில் மழைதான் பஞ்சாயத்து. அத்தோடு 26ஆம் தேதி சுனாமி நினைவுநாள், அந்தக் கிழமையில் கடற்கரைப் பக்கத்தில் ஆரவாரமாக ஒன்றும் வைக்கக் கூடாது என்று நான் சொல்லியிருக்கிறேன். பாட்டுப் பெட்டி இல்லாமல் செய்வதென்றால் சரி என்றார்கள்.

உன் காசில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. அதைத் தகரப் பந்தலுக்கு வைப்பதா, அந்த ஒழுங்கைப் பிள்ளைகளின் கொப்பிக்குக் கொடுப்பதா என்று எழுது. கொப்பி என்றால் அதுவும் கப்டன் பேரில்தான் போகும், உன் பேர் வராது, இப்போதே சொல்லிவிட்டேன். டிசம்பரில் வருகிறேன் என்றாயே, டிக்கெட் போட்டாயா? போட்டால் நாள் சொல்லு, வாப்பாவை முன்கூட்டியே பிடித்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
கட்டையன்