பராபர் குகைகளை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மகத நாட்டுப் (இன்றைய பீகாரின் தென்பகுதி) புனித நகரங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். கயை, புத்தகயை, ராஜகிருகம், பாவாபுரி என்று வைதிகர், பௌத்தர், சமணர் மூவரையும் விடாமல் சொன்னது நிறைவாக இருந்தது. ஆனால் அதே மண்ணில் நான்காவதாக ஒரு சமயத் துறவிகள் கூட்டம் இருந்ததே, ஆசீவகர்கள்? அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லை.

கயைக்கு வடக்கே பராபர் மலை இருக்கிறது. அங்கே கருங்கல் பாறைகளைக் குடைந்து உள்சுவரைக் கண்ணாடிபோல மெருகேற்றிய குகைகள் உள்ளன. நாள் தெரிந்த குடைவரைகளில் நம் நாட்டிலேயே பழமையானவை இவைதாம். சுதாமா குகையின் வாசல் பக்கத்தில் பொறித்த கல்வெட்டு, பியதசி அரசர் பட்டமேறிய 12-ஆம் ஆண்டில் இதை ஆசீவகர்களுக்கு அளித்ததாகச் சொல்கிறது. பியதசி என்றால் நம் அசோகர்தான். பௌத்தத்தைத் தழுவிய பேரரசர், பௌத்தரல்லாத துறவிகளுக்கு மலையைக் குடைந்து கொடுத்திருக்கிறார். அவருக்குப் பின் வந்த தசரதர் என்ற மௌரிய அரசரும் பக்கத்து நாகார்ஜுனி மலையில் மூன்று குகைகளை அவர்களுக்கே ‘சந்திர சூரியர் உள்ளவரை’ என்று எழுதிக் கொடுத்தார். நம் ஊர்க் கோயில் சுவர்களில் சந்திராதித்தவரை என்று படித்துப் பழகியவர்களுக்கு இந்த வாசகம் அந்நியமாகத் தோன்றாது.

சந்திர சூரியர் இருக்கிறார்கள், ஆசீவகர்களைத்தான் காணோம். சில கல்வெட்டுகளில் மற்ற எழுத்துகளை விட்டுவிட்டு ‘ஆசீவகர்’ என்ற பெயரை மட்டும் உளியால் கொத்தியிருக்கிறார்கள். யார் கொத்தினார்கள் என்று கல் சொல்லவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு மௌகரி குலத்து அனந்தவர்மன் இதே குகைகளில் கண்ணனையும் சிவ-பார்வதியையும் காத்யாயனி தேவியையும் எழுந்தருளச் செய்து, தன் பங்குக்குக் கல்வெட்டும் வெட்டி வைத்தான்.

ஆசீவகர்களின் ஆசான் மற்கலி கோசாலர். புத்தர், மகாவீரர் காலத்தவர். நடப்பதெல்லாம் நியதிப்படிதான், மனித முயற்சியால் எதுவும் மாறாது என்றவர். உருட்டிவிட்ட நூலுண்டை நூல் தீரும்வரை பிரிந்துகொண்டே போவதுபோல, முட்டாளும் அறிவாளியும் தத்தம் பிறவிகளைத் தீர்த்த பிறகே துன்பம் முடியும் என்பது அவர் கொள்கையாகப் பௌத்த நூல் தரும் உவமை. இங்கேதான் சங்கடம். ஆசீவகர்கள் எழுதியது எதுவும் நம் கைக்கு வரவில்லை. நமக்குத் தெரிந்ததெல்லாம் அவர்களோடு வாதாடியவர்கள் எழுதி வைத்தது. எதிர்க்கட்சிக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு ஒருவரைப் பற்றி முடிவுகட்ட முடியுமா? அசோகாவதானம் என்ற பௌத்த நூலின் கதையையே பாருங்கள். புண்டரவர்த்தனத்தில் ஒரே நாளில் 18,000 ஆசீவகர்களை அசோகர் கொல்லச் செய்தார் என்று, அதையும் புத்த பக்தியின் பெருமையாக, பௌத்தர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். கல்வெட்டோ அவர் குகை கொடுத்ததைச் சொல்கிறது. தன் சமயத்தை உயர்த்திப் பிறர் சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்று 12-ஆம் பாறைக் கட்டளையில் பொறித்தவரும் அவரே. எனக்குக் கல்வெட்டின் பேரில்தான் நம்பிக்கை.

வடக்கே தேய்ந்துபோன பிறகும் தெற்கே இவர்கள் நெடுங்காலம் இருந்தார்கள். மகளும் மருமகனும் மாண்ட செய்தி கேட்டுக் கண்ணகியின் தந்தை ஆசீவகர்முன் தானம் செய்து அறம் பூண்டார். கோவலனின் தந்தை பௌத்தப் பள்ளிக்குப் போனார். கூட வழிநடந்து வந்த கவுந்தியடிகள் சமணத் துறவி. ஒரே துக்கம், சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு சமயத்தில் ஆறுதல் தேடுகிறார்கள். சிலப்பதிகாரம் இதை ஓர் அதிசயமாகவே சொல்லவில்லை. மணிமேகலையில் வஞ்சி நகரத்து ஆசீவகர் நிலம், நீர், தீ, காற்று என்ற நால்வகை அணுக்களையும் உயிரையும் பற்றி விளக்குகிறார். பிற்காலக் கல்வெட்டுகளில் இவர்கள் பேரில் வரிகூட விதித்திருக்கிறார்கள். வரி போட்டார்கள் என்றால் ஆள் இருந்தார்கள் என்றுதானே அர்த்தம்!

அப்புறம் இன்னொன்று. ஆசீவகம் தமிழகத்தில் பிறந்து வடக்கே போன மதம் என்று இப்போது சிலர் மேடை போட்டுப் பேசுகிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்கலியைப் பற்றிப் பௌத்த, சமண நூல்கள் காட்டுவதெல்லாம் மகதமும் வடநாட்டு நகரமான சிராவத்தியும்தான். சிராவத்தியில் ஒரு குயவப் பெண்ணின் பட்டறையில் அவர் காலம் முடிந்ததாகச் சமணர்கள் எழுதுகிறார்கள். தமிழர்கள் அவர்களுக்கு இடம் கொடுத்து வைத்திருந்தது போதாதா, சொந்தம் வேறு கொண்டாட வேண்டுமா?

கட்டுரையாளர் இதன் தொடர்ச்சியை எழுதுவதாக இருந்தால் ஆசீவகர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கச் சொல்லுங்கள். படம் போடுவதாக இருந்தால், எல்லாப் பாடப்புத்தகத்திலும் வரும் லோமச ரிஷி குகையின் யானை வரிசை வேண்டாம். பெயரைக் கொத்திய அந்தக் கல்வெட்டை, எழுத்து தெரியும்படி பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
மதுரை.