வியாசர்பாடி வாலிபால் திடலுக்கு மண் தளமும் பயிற்சியாளரும் வேண்டி மனு

அனுப்புநர்:
வாலிபால் ஆட்டக்காரர்கள்,
வியாசர்பாடி, சென்னை 600 039.

பெறுநர்:
உறுப்பினர் செயலர் அவர்கள்,
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம், சென்னை 600 003.

பொருள்: சிமெண்ட் தளத்தை மாற்றவும், ஓய்வு பெற்ற சர்வதேச வீரர் ஒருவரைப் பயிற்சியாளராக நியமிக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் திடல் சிமெண்ட் தளம். ஸ்மாஷுக்கும் (பந்தை ஓங்கி அடிப்பது) பிளாக்குக்கும் (எதிரணி அடியை நெட்டருகே தடுப்பது) எம்பி இறங்கும் ஒவ்வொரு முறையும் அதிர்வு முழங்காலில் இறங்குகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் வீங்கி, ஆட்டம் சூடு பிடிக்கும் வயதில் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். டைவ் அடித்தால் தோல் உரிவதால், பின்வரிசையில் பந்தெடுப்பதற்கென்றே உள்ள லிபரோவாக ஆட யாரும் முன்வருவதில்லை.

சிமெண்டின் மேலேயே மண்ணைக் கொட்டினால் தண்ணீர் இறங்காது, சேறாகும். பெயர்த்தெடுத்தே ஆக வேண்டும். களம் 18க்கு 9 மீட்டர். சுற்றிலும் 3 மீட்டர் விட்டால் 24க்கு 15. அடியில் ஜல்லி, மேலே கிராவல், அதற்கும் மேல் சலித்த செம்மண்ணும் மணலும் கலந்து, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்ட வேண்டும். கலவையில்தான் வேலை கெடும்: களி கூடினால் மழையில் வழுக்கும், வெயிலில் வெடிக்கும், மணல் கூடினால் கால் புதைந்து எம்ப வராது. பகுதி தாழ்வானது என்பதால் தளத்தைத் தெரு மட்டத்துக்கு மேல் உயர்த்தி, மீட்டருக்கு 5 மி.மீ. சரிவு கொடுத்து, ஓரத்தில் வடிகால் விட வேண்டும்.

நெட் நடுவில் தொய்கிறது. ஆண்களுக்கு நடு உயரம் 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24, ஓரங்கள் அதைவிட 2 செ.மீ.க்கு மேல் உயரக் கூடாது. தாழ்ந்த நெட்டில் பழகியவர் முழங்கையை மடக்கியே அடிப்பார். செலக்‌ஷனில் அந்த அடி பிளாக்கில் மாட்டும். உயரம் மாற்றக்கூடிய 2.55 மீட்டர் கம்பங்கள், தரையில் கம்பி இழுத்துக் கட்டாமல், பக்கக் கோட்டிலிருந்து அரை மீட்டர் முதல் ஒரு மீட்டருக்குள் நிற்க வேண்டும்.

தளம் மட்டும் போதாது. இரண்டு காலிலும் சமமாக, முழங்காலை மடக்கி இறங்கக் கற்றுத்தர ஆள் வேண்டும். 1982இல் அர்ஜுனா விருது பெற்ற நம் மாநிலத்து ஜி.இ. ஸ்ரீதரன், ஆடி முடித்தபின் இந்திய அணிக்கே பயிற்சியாளரானார். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, வங்கி அணிகளில் ஆடி ஓய்வு பெற்றோர் நகரிலேயே இருக்கிறார்கள். என்.ஐ.எஸ். (தேசிய விளையாட்டு நிறுவனம்) தரும் பயிற்சியாளர் பட்டயம் இல்லை என்பதற்காக அவர்களைத் தள்ளிவிடாமல், அதன் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்கு ஆணையமே கட்டணம் செலுத்தி, மாலை நேரத்துக்கு மதிப்பூதியத்தில் நியமிக்கக் கோருகிறோம்.

மண் இறுகிப் படிய நாள் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தளப்பணியை முடித்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
வியாசர்பாடி வாலிபால் ஆட்டக்காரர்கள்