பாஸ்போர்ட் எடுத்துவிட்டாயா?

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். பாட்டிக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிட்டாயா? போன தடவை கேட்டதற்கு "பார்க்கலாம்ப்பா" என்றாய். அதற்கு முந்தின தடவையும் அதே பதில்தான்.

ஜெர்மனிக்குப் படிக்கப் போக என்னென்ன வேண்டும் என்று விசாரித்து எனக்குப் பாடம் எடுத்தவளே நீதான். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதப் போனாலே பாஸ்போர்ட் கேட்பார்கள், நம் படிப்புச் சான்றுகளை ஜெர்மன்காரர்கள் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கும் அதன் நகல் வேண்டும் என்றாய். அப்படியானால் முதலில் எடுக்க வேண்டியது அதுதானே? சாதாரணமாக எடுத்தால் 1,500 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. பணம் கிடக்கட்டும், அவசரத்தில் ஏதாவது தப்பாகிவிடும்.

பெயரைக் கவனித்து எழுது. இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கேட்கிற இடத்தில் என் பெயரைப் போடு. காலியாக விட்டால் பின்னால் விசாவில் சங்கடம். ஆதாரில் உன் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்ததே, திருத்தினாயா? அங்கே வாத்தியார்கள் உன்னை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். எட்டாம் வகுப்போடு நின்றவன் பெயர் அங்கே ஒலிக்கும் என்று நினைத்தாலே மனசு நிறைகிறது.

விடுதி முகவரி கொடுத்தால் போலீஸ் விசாரணைக்கு வருகிற நாளில் நீ அங்கே இருக்க வேண்டும். வார்டனிடம் முன்பே சொல்லி வை. பத்தாம் வகுப்புச் சான்றிதழைக் காட்டினால், குடியேற்றச் சரிபார்ப்பு தேவையில்லை என்கிற இ.சி.என்.ஆர். கிடைக்கும். அசல் நம் பீரோவில் இருக்கிறது. அதைக் கூரியரில் அனுப்ப எனக்கு மனசில்லை.

தீபாவளியன்று அத்தை கூடத்தில் பேசியது உன் காதில் விழுந்தது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் நீ ஜெர்மனிப் பேச்சையே எடுக்கவில்லை. உன் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்குவது நானும் அம்மாவும் சேர்ந்து எடுத்த முடிவு. விசாவுக்காக முன்கூட்டியே பிளாக்டு அக்கவுண்ட் என்கிற முடக்கக் கணக்கில் போடச் சொல்லும் 11,904 யூரோ யாருக்கோ கொட்டிக் கொடுப்பதில்லை. மாதம் 992 யூரோவாக, உன் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உன் கைக்கே வருகிற பணம். அத்தைக்கு அது தெரியாது. உனக்குத் தெரியுமே! தெரிந்தும் ஏன் வாய் திறக்காமல் இருக்கிறாய்? எங்களுக்குப் பாரம் குறைப்பதாக நினைத்து நீயாக இதை விட்டுவிடாதே. சின்ன வயதிலும் அப்படித்தான், செருப்பு கடித்தால்கூடச் சொல்லாமல் நடப்பாய். கடனை நினைத்துப் பயம் என்றால் சொல், உட்கார்ந்து கணக்குப் போடுவோம். போகவே விருப்பமில்லை என்றாலும் சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

எப்படியானாலும் பாஸ்போர்ட்டை எடுத்து வை. 10 வருடம் செல்லும். இந்த வருடம் போகாவிட்டாலும் வீணாகாது.

சாலிகிராமமோ தாம்பரமோ, எந்தப் பாஸ்போர்ட் ஆபீஸில் சீக்கிரம் கிடைக்கிறதோ அங்கே இந்த வாரமே தேதி வாங்கு. தேதி தெரிந்ததும் எனக்குச் சொல். முந்தின நாள் ராத்திரி கும்பகோணத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, சான்றிதழோடு நானே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா