கிளான் தலைவர்களுக்கு: நீக்கும் முன் ரீப்ளேயைப் பாருங்கள்

கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற செல்போன் விளையாட்டில் கிளான் என்னும் குழுவை நடத்தும் தலைவர்களுக்கும் துணைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். நான் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது நாற்பத்து மூன்று. இந்த விளையாட்டை நானாகத் தேடிப் போகவில்லை. அக்கா மகன் கல்லூரிக்குக் கிளம்பியபோது, டவுன் ஹால் என்னும் மையக் கட்டடத்தை எட்டாம் நிலை வரை வளர்த்திருந்த தன் விளையாட்டு ஊரைப் பழைய செல்போனோடு என்னிடம் ஒப்படைத்தான். ஆட்டுக்குட்டியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவனைப் போல நாலைந்து முறை பத்திரம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினான்.

அவன் இருந்த கிளான் கலைந்துபோயிருந்தது. நானே ஒன்றைத் தேடிச் சேர்ந்தேன். ஐம்பதில் நாற்பத்தொன்பது இடம் நிரம்பிய கிளான். போர்ப் பதிவில் வரிசையாக வெற்றிகள். பெயர் வேண்டாம்.

இன்னொரு கிளானோடு முதல் போர். இரவு ஒன்பதரைக்குக் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து தாக்கினேன். கையில் பத்து டிராகன். பத்தையும் ஒரே பக்கமாக, மதிலை ஒட்டி வரிசையாக இறக்கிவிட்டேன். அவை நேராக நடுவில் இருக்கும் டவுன் ஹாலுக்குப் போகும் என்று நினைத்தேன். அவையோ திருவிழாவுக்கு வந்த உறவினர்களைப் போல ஓரக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு ஊரைச் சுற்றத் தொடங்கின. மூன்று நிமிடம் முடிந்தபோது 46 சதவீதம். பாதி அழிந்தால் ஒரு நட்சத்திரம், டவுன் ஹால் விழுந்தால் ஒன்று, முழுதும் அழிந்தால் மூன்றாவது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போய்க் கை கால் கழுவிவிட்டு வந்து பார்த்தால் என்னை நீக்கியிருந்தார்கள். விளையாடத் தெரியாதவர்களுக்கு இங்கே இடமில்லை என்று ஒரு வரி. கோபத்தைவிட எனக்குச் சிரிப்புதான் வந்தது, அதுவும் சில நாள் கழித்துத்தான். போரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தாக்குதல். என்னுடைய இரண்டாவது தாக்குதல் அப்படியே மிச்சம் இருந்தது. பாதிப் போரில் ஆளை வெளியே தள்ளினால் அவர் இடத்துக்கு வேறு ஆளை இறக்க முடியாது. கணக்கு எழுதுகிறவனாகச் சொல்கிறேன், அது கைமுதலைக் கிழித்துப் போடுகிற வேலை.

அதன்பின் இரண்டு கிளான்களில் இருந்தேன். ஒன்றில் பட்டியல் முழுக்க ஆட்கள், ஆனால் மற்றவர்கள் தரும் படையை வைத்துக்கொள்ளும் கட்டடமான கிளான் கேசிலுக்குப் படை கேட்டால் மறுநாள் காலை வரை பதில் வராது. இன்னொன்றில் எத்தனை படை கொடுத்தாய், எத்தனை வாங்கினாய் என்று வட்டிக்கடை போலப் பேச்சு. புதிதாகக் கிளான் தேடுகிறவர்கள் யாராவது இந்த மடலைப் படித்தால் ஒன்று சொல்லிவைக்கிறேன்: வெற்றி எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், உறுப்பினர் பட்டியலைத் திறந்து யார் யார் படை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டு பேர் ஆயிரக்கணக்கில் கொடுத்து மற்றவர்கள் பூஜ்யத்தில் இருந்தால் அங்கே பேச்சுத்துணைகூடக் கிடைக்காது.

நான்காவது கிளானில் இருபத்திரண்டே பேர். தலைவி மலேசியாவின் ஈப்போவில் இருக்கிறார், எல்லோருக்கும் அக்கா. சேர்ந்த அன்றே, "தம்பி, போருக்கு அவசரம் இல்லை. முதலில் என் ஊரை அடியுங்கள்" என்று எழுதினார். என் அளவுக்கு ஏற்ற டவுன் ஹால் எட்டில் அவருக்கு இன்னொரு ஊர் இருந்தது. அதை நட்புச் சவாலாகப் போட்டார். நட்புச் சவாலில் படை செலவாகாது, கோப்பை குறையாது, தோற்றாலும் நட்டமில்லை. அந்த வசதியைப் பல கிளான்கள் தூசி படிய விட்டு வைத்திருக்கின்றன.

ஒன்பது முறை அடித்தேன். ஒவ்வொரு முறையும் அவர் தாக்குதலின் பதிவான ரீப்ளேயைப் பார்த்தார். நான் கடை முடித்து வரும் நேரம் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். முதல் தோல்விக்கு அவர் எழுதியது இன்னும் நினைவிருக்கிறது: "2 நிமிடம் 25 நொடி பாக்கி இருக்கும்போது பாருங்கள். உங்கள் மூன்றாவது டிராகன் இடப்பக்கம் திரும்புகிறது. ஏன் திரும்புகிறது?" திரும்பவும் போட்டுப் பார்த்தேன். இடப்பக்க மூலையில் ஒரு தங்கச் சுரங்கம் இருந்தது. அவ்வளவுதான். டிராகனுக்கு டவுன் ஹாலும் தெரியாது, நம் ஆசையும் தெரியாது. எது பக்கத்தில் இருக்கிறதோ அதை அடிக்கும். ஆகவே இந்த மூலைக்கு ஒன்று, அந்த மூலைக்கு ஒன்று என்று முதலில் இரண்டை மட்டும் விட்டு ஓரக் கட்டடங்களைத் துடைக்க வேண்டும். அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு மிச்சம் எட்டையும் நடுவில் விட்டால் அவற்றுக்கு உள்ளே போவதைத் தவிர வேறு வழி இல்லை. பறக்கும் படையைக் காற்றால் தள்ளும் ஏர் ஸ்வீப்பர் எந்தத் திசையைப் பார்த்து ஊதுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக நுழைய வேண்டும் என்பது நான்காம் பாடம். வான் பாதுகாப்பு பீரங்கி ஒன்றை மின்னல் மந்திரத்தால் முதலிலேயே தீர்த்துவிட வேண்டும் என்பது ஆறாம் பாடம்.

எனக்கு மிகக் கடினமாக இருந்தது அந்தக் காத்திருப்புதான். மூன்று நிமிடத்தில் பதினைந்து நொடி சும்மா இருப்பது எவ்வளவு நீளம் என்று அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த போரில் இரண்டு நட்சத்திரம், 91 சதவீதம். மூலையில் சில கட்டடங்கள் தப்பித்துவிட்டன. அக்கா அதற்கும் ஒரு குறிப்பு எழுதினார்.

தலைவர்களே, உங்கள் சிரமம் எனக்குப் புரியாமல் இல்லை. போருக்குத் தயார் என்று பச்சையைக் காட்டிவிட்டு இரண்டு தாக்குதலையும் செய்யாமல் தூங்குகிறவரைத் தாராளமாக நீக்குங்கள். நானும் சேர்ந்து கைதட்டுகிறேன். ஆனால் தாக்கித் தோற்றவரும் தாக்காமல் விட்டவரும் ஒன்றல்ல. உங்களில் பலர் இருவரையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுகிறீர்கள். நன்றாக அடிக்கத் தெரிந்தவர்கள் மட்டும் வரவும் என்று அறிவிப்பு வேறு. அவர்களுக்கும் யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருப்பார்.

இந்தச் சிக்கல் புதிதல்ல. 1999இல் வந்த எவர்குவெஸ்ட் என்ற இணைய விளையாட்டில் பெரிய டிராகன்களைக் கொல்லக் கூட்டம் கூட்டமாகப் போக வேண்டியிருந்தது. கிடைக்கும் பொருளோ சில. யாருக்குக் கொடுப்பது? அங்கிருந்த கில்டுகள், அதாவது நம் கிளான் போன்ற குழுக்கள், டிராகன் கொலைப் புள்ளி என்று ஒரு கணக்கைக் கண்டுபிடித்தன. வாளை யார் பலமாக வீசினார் என்பதோடு நிற்காமல், வந்து நின்றதற்கும் புள்ளி எழுதினார்கள். நம் விளையாட்டில் 2018 அக்டோபரில் கிளான் போர் லீக் வந்தது. எட்டு கிளான்கள், ஏழு நாள், ஆளுக்கு நாளொரு தாக்குதல். முடிவில் போனஸ் பதக்கங்களை யாருக்குக் கொடுப்பது என்பது தலைவரின் கையில்தான். அதில் ஒன்றை, ஒரே ஒன்றை, ஏழு நாளும் தவறாமல் வந்து அடித்த கடைசி ஆளுக்குக் கொடுத்துப் பாருங்கள்.

இன்னொரு வேண்டுகோள். ஒவ்வொரு போருக்கும் முன்னால் 23 மணி நேரம் ஆயத்த நாள். கிளான் கேசிலை நிரப்புவதோடு அந்த நாள் முடிந்துவிடுகிறது. அதில் ஐந்து நிமிடத்தைப் புதியவருக்கு ஒதுக்குங்கள். அவருக்கு எதிரே இருக்கும் ஊரைத் திறந்து, எங்கிருந்து நுழைவீர்கள் என்று கேளுங்கள். பதில் தப்பாக இருந்தால் அப்போதே தெரிந்துவிடும், நட்சத்திரம் போன பிறகு அல்ல.

அதற்கும் நேரமில்லை என்றால், நீக்கும்போது எங்கள் கிளானின் பெயரையாவது சொல்லி அனுப்புங்கள். இப்போது இருபத்து நான்கு பேர் இருக்கிறோம், இருபத்தாறு இடம் காலி. இரவு ஒன்பதரைக்குப் பிறகு நான் இருப்பேன். டவுன் ஹால் எட்டுக்காரர்களின் ரீப்ளேக்களை இப்போது என்னிடம்தான் அனுப்புகிறார் அக்கா.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரால் நீக்கப்பட்டவன்