தகரக் குவளையும் 108 படியும்

அன்புள்ள அம்மணிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் "டிரம்ப் மாதிரி ஒரு பிரசிடென்டை அமெரிக்கா பார்த்ததே இல்லப்பா" என்றாய். நம் பனியன் கம்பெனி செக்கிங் டேபிளிலிருந்து ஆள் கூப்பிட்டதால் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பார்த்திருக்கிறது அம்மணி. ஓஹியோவில் கேன்டன் என்ற ஊருக்குக் கூட்டிப் போனாயே, அங்கே பழைய ஜனாதிபதி வில்லியம் மெக்கின்லி சமாதியில் 108 படி ஏறி மூச்சு வாங்க நின்றோமே, அவர்தான். 108 என்றதும் உங்கம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

அந்த வில்லியம் மெக்கின்லிதான் டிரம்புக்குக் குலதெய்வம் மாதிரி. 2025 ஜனவரியில் பதவியேற்ற அன்றே, வரி போட்டு நாட்டைப் பணக்கார நாடாக்கியவர் என்று அவரைப் புகழ்ந்து, அலாஸ்கா மலைக்கும் மறுபடி அவர் பெயரையே வைத்தார். மெக்கின்லி ஓஹியோ காங்கிரஸ் உறுப்பினராக இருந்து 1890-ல் கொண்டுவந்த சட்டத்தால் இறக்குமதி வரி சராசரியாக 50 சதவீதத்தை ஒட்டிப் போனது. நமக்கும் 2025 ஆகஸ்ட் 27-ல் 50 ஆக்கினார்கள், பாதி பொதுவாக, மீதிப் பாதி இந்தியா ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு. திருப்பூர் தைக்கும் பனியனுக்கும் ரஷ்ய எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் என்று நம் ஓவர்லாக் டைலர் கேட்கிறான், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த 1890 சட்டம் வந்த பிறகு என்ன ஆனது தெரியுமா? வேல்ஸிலிருந்து வந்துகொண்டிருந்த தகரத்துக்கு அந்தச் சட்டம் வரியை ஏற்றியதால், எதிர்க்கட்சிக்காரர்கள் சில்லறை வியாபாரி வேஷத்தில் ஆட்களை வீடு வீடாக அனுப்பி, தகரக் குவளைக்கு ஏகத்துக்கும் ஏற்றி விலை சொல்ல வைத்தார்களாம். யாரும் வாங்க வேண்டும் என்றில்லை, வயிறு எரிந்தால் போதும். அந்த நவம்பர் தேர்தலில் அவர் கட்சி படுதோல்வி, அவரே தோற்றார். தொகுதி எல்லையையும் மாற்றி வரைந்திருந்தார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

கனடா சங்கதி இன்னும் ருசி. வரியால் நெருக்கினால் கனடா தானாக வந்து சேர்ந்துவிடும் என்று அப்போதும் வாஷிங்டனில் சிலருக்கு நினைப்பு. நடந்தது நேர்மாறு. பிரிட்டிஷ் பிரஜையாகப் பிறந்தேன், அப்படியே சாவேன் என்று சொல்லி கனடா பிரதமர் மெக்டொனால்ட் 1891 தேர்தலில் ஜெயித்தார். 2025 ஏப்ரலில், கனடாவை அமெரிக்காவின் 51-வது மாநிலமாக்கும் டிரம்ப் பேச்சை எதிர்த்துக் கனடா பிரதமர் கார்னி ஜெயித்ததைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சரி, அந்தத் தோல்வியோடு மெக்கின்லி முடிந்துபோகவில்லை. 1896-ல் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்து, மறு வருஷமே வரியை இன்னும் ஏற்றி, 1898-ல் ஸ்பெயினோடு சண்டை போட்டு பிலிப்பைன்ஸ், போர்ட்டோ ரிக்கோ, குவாம் எல்லாம் எடுத்து, அதே வருஷம் ஹவாயையும் சேர்த்துக்கொண்டார். இப்போது கிரீன்லாந்து, பனாமா என்று பேசுவது எங்கிருந்து வந்தது என்று பார். ஆனால் அந்தக் காலத்தில் அரசாங்கத்துக்குப் பெரிய வரும்படியே சுங்கம்தான். நிலையான வருமான வரி 1913-ல்தான் வந்தது. உன் சம்பளத்தில் பிடிப்பதையும் பிடித்துக்கொண்டு சுங்கமும் போடுவது வேறு கணக்கு.

என் வருத்தம் என்னவென்றால், டிரம்ப் மெக்கின்லியின் கடைசிப் பேச்சை விட்டுவிட்டார். 1901 செப்டம்பர் 5, பஃபலோவில் கண்காட்சி. தனித்து ஒதுங்கியிருந்த காலம் போய்விட்டது, வியாபாரச் சண்டையில் லாபம் இல்லை, கொடுத்து வாங்கும் ஒப்பந்தங்கள் வேண்டும் என்று அதே மெக்கின்லி பேசினார். வரி போட்டே பேர் வாங்கிய மனுஷன்! மறுநாள் சுடப்பட்டு, 14-ந்தேதி செத்துப்போனார். படி ஏறிப் போய்க் கும்பிடுகிறவர் அந்தப் பேச்சையும் ஒரு தடவை படித்திருக்கலாம்.

இங்கே நம்மிடம் சரக்கு வாங்கும் அமெரிக்க பையர் பாதி வரியை நம் தலையில் கட்டப் பார்க்கிறார். பேக் பண்ணிய டி-ஷர்ட் பெட்டிகள் மாடிப்படி வரைக்கும் அடுக்கிக் கிடக்கின்றன, ஒருக்களித்துத்தான் ஏற வேண்டியிருக்கிறது.

அப்புறம், உங்கம்மா அரைத்த சாம்பார் பொடி தயாராக இருக்கிறது. 800 டாலர் வரைக்குமான பார்சலுக்கு இருந்த வரிச் சலுகையை அமெரிக்கா எடுத்துவிட்டதால் நம் தபால் துறை 2025 ஆகஸ்ட் 25-லிருந்து கொஞ்ச காலம் அமெரிக்கப் பார்சலே எடுக்கவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்லு, அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் பெட்டியில் ஒரு கிலோ இடம் விடச் சொல்லி.

அப்பா